என்ன வருது?

எனக்கு முப்பத்திரண்டு வயது நடந்தபோது, பதினைந்து பேர் முன்னிலையில் ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "ஒண்ணுக்கு வருதா?" என்று கேட்டார். பதினைந்து பேரும் மூன்று, நான்கு வயதுக்காரர்கள். அதனால் யாரும் சிரிக்கவில்லை. அவர்களிடம் தினமும் கேட்கப்படுகிற கேள்விதான் அது. நான் என்ன பதில் சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் கடலை ஒட்டிய ஊர் அது. அங்கன்வாடிச் சுவரில் படம் வரைகிற வேலைக்குப் போயிருந்தேன். ஆப்பிள், யானை, குடை, வெளிச்சுவரில் ஓர் ஆமை. இரண்டு நாள் வேலையைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் காண்ட்ராக்டர் போனில் கூப்பிட்டார்.

"ஏலே, யானைக்கு வால் எங்கன?"

"முன்னால இருந்து பாக்குத யானை அண்ணாச்சி. வால் பின்னால இருக்கும்."

"பின்னால இருக்கதுக்கா ஒன்னக் கூலிக்கு வச்சிருக்கேன்? வால் இல்லாம யானை பாத்திருக்கியால மூதி?"

போனை அணைத்தேன். ஏணியிலிருந்து இறங்கினேன். நீல எனாமல் டப்பாவை ஓர் உதை விட்டேன். அது உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்ற சத்தத்துக்குத்தான் டீச்சர் ஜன்னலுக்கு வந்தார். அவர் பின்னால் பதினைந்து தலைகள்.

"தம்பி, என்ன வருது உங்களுக்கு? கோவம் வருதா, அழுகை வருதா, ஒண்ணுக்கு வருதா?"

கோபம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் அவசரப்படுத்தாமல் நின்றார். ஏழு மணிக்கு ஏணியில் ஏறியவன், அப்போது மணி பதினொன்று.

"மூணாவது" என்றேன்.

"பொறவாசல்ல இருக்கு. வாளியில தண்ணி பிடிச்சிட்டுப் போங்க. வந்து கோவப்பட்டுக்கிடலாம்."

போய்விட்டு வந்து கோபத்தைத் தேடினால் ஆள் இல்லை. டப்பாவின் அடியில் மிச்சமிருந்த நீலத்தைத் தொட்டு யானைக்குப் பக்கவாட்டில் ஒரு வாலை இழுத்துவிட்டேன். காதிலிருந்து முளைத்த மாதிரி இருந்தது. காண்ட்ராக்டர், "இப்பத்தாம்ல யானை" என்றார்.

என்னைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்: ஏழாம் வகுப்போடு நிறுத்தியவன். உப்பளத்தில் கங்காணியின் சட்டையைப் பிடித்தேன், வேலை போனது. ஐஸ் கம்பெனியில் மேஸ்திரியின் டிபன் பாக்ஸைக் கடலில் எறிந்தேன், வேலை போனது. ஹார்பரில் மூட்டை தூக்கியபோது நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். அங்கே ஒருவன் என்னை அடித்து, அதற்கு நான் திருப்பி அடித்து, இருவருக்கும் வேலை போனது. அப்போதெல்லாம் எதிரில் நின்று யாராவது அந்த மூன்று கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டு வேலையாவது மிஞ்சியிருக்கும்.

டீச்சர் அந்த ஊர்க்காரர் இல்லை. ஆத்தூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். எட்டரை மணிப் பேருந்தில் வருவார், நாலு மணிப் பேருந்தில் போவார். கடலோரத்து ஊரில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தும் கடலில் கால் நனைத்ததில்லை. "அது சொல்லாமக் கொள்ளாம மேல வந்து விழும். எனக்கு ஆகாது" என்பார். பிள்ளைகளுக்கு அதில் ஒரு பெருமை. டீச்சருக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரியுமே.

பிள்ளைகளிடம் நின்றுகொண்டு பேசி நான் பார்த்ததில்லை. எது சொல்வதானாலும் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, முகத்துக்கு முகம்தான் பேச்சு. உட்காரும்போது இரண்டு முழங்காலும் 'டக்' என்று சத்தம் போடும். இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்து உருண்டுகொண்டிருப்பார்கள். பக்கத்தில் 'டக்' கேட்டதும் கை தானாக விடும். அடித்து அடக்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் என் அப்பாவும் உண்டு. முழங்கால் சத்தத்தால் அடக்கியவர் இவர் ஒருவர்தான்.

யார் முதலில் அடித்தது என்று கேட்கவே மாட்டார். "அதக் கேட்டா ரெண்டு பயலும் வக்கீலாயிருவான் தம்பி." சாரி சொல்லச் சொல்லவும் மாட்டார். "பிஸ்கட்டுக்குத் தேங்க்யூ சொல்லுத மாதிரி சொல்லிட்டுப் போயிருவான். அடிபட்ட பிள்ளைக்கு அதுல என்ன கிடைச்சுங்கேன்?" அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அடித்த பிள்ளை போய் மண்பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து வந்து, அடிபட்ட பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். அழுகை நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சில நாள் அடித்த பிள்ளையும் சேர்ந்து அழும். அப்போது அடிபட்டது எழுந்து போய் இதற்குத் தண்ணீர் கொண்டுவரும். அங்கன்வாடியில் தண்ணீர்ப் பஞ்சம் வராமல் இருந்ததே பெரிய விஷயம்.

கோபத்தை அளப்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். "எம்புட்டுக் கோவம்? சாளை அளவா, சீலா அளவா, சுறா அளவா?" பிள்ளைகள் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார்கள். கடற்கரைப் பிள்ளைகள் மீன் அளவில் பொய் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ?" என்பார். கைகள் கொஞ்சம் நெருங்கி வரும்.

இதையெல்லாம் பிள்ளைகளோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதவேண்டியதில்லை. அவருக்குப் பெரியவர், சின்னவர் என்ற வித்தியாசமே கிடையாது. பெரியவர்கள் எல்லாம் அவருக்கு, சரியாக வளர்க்காமல் விட்ட பிள்ளைகள்.

ஒருநாள் விசைப்படகு முதலாளி ஒருவர், பேரன் கன்னத்தில் நகக்கீறல் என்று வாசலில் வந்து நின்றார். கழுத்தில் தடிச் சங்கிலி, குரல் கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

"ஏளா டீச்சரு! எம் பேரனக் கீறுன பிள்ள எது? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன்!"

"மொதல்ல உக்காருங்க அண்ணாச்சி" என்று டீச்சர் நாற்காலியைக் காட்டினார். சிவப்பு பிளாஸ்டிக், முழங்கால் உயரம், மூன்று வயதுக்காரருக்குச் செய்தது. அங்கே பெரிய நாற்காலியே கிடையாது. ஆபீசிலிருந்து கொடுத்த ஒன்றையும் டீச்சர் சமையலறையில் பருப்பு மூட்டைக்கு அடியில் போட்டுவிட்டதாக, அங்கே சமையல் பார்க்கிற ஆயாம்மா என்னிடம் சொன்னார்.

முதலாளி உட்கார்ந்தார். முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்தன. அந்த நிலையில் ஒரு மனிதன் கத்த முடியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். வயிறு இடம் தராது.

'டக்.' "என்ன வருது அண்ணாச்சி?"

"கோவம்தான், வேற என்ன வரும்!"

"எம்புட்டு?"

அவர் ஒரு விநாடி திகைத்தார். பேரன் பக்கத்தில் வந்து, "தாத்தா, கையக் காட்டணும்" என்று சொல்லிக்கொடுத்தான். முதலாளி கைகளை விரித்தார். நல்ல சுறா.

டீச்சர் நடந்ததைச் சொன்னார். கீறிய பிள்ளையின் மரப்படகை இவர் பேரன் பிடுங்கியது, அந்தப் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது, இப்போது இரண்டும் சேர்ந்து அதே படகைத் தரையில் ஓட்டிக்கொண்டிருப்பது. சொல்லி முடித்துவிட்டு, "இப்போ?" என்றார். சீலா. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. முதலாளி வெட்கத்தோடு இரண்டு விரல் இடைவெளி காட்டினார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆயாம்மாதான் பின்னால் நின்று பிடுங்கிவிட்டார்.

இந்த டீச்சரை மடக்கியது மூன்று வயது ஜெசிந்தா.

ஜெசிந்தா கடிப்பாள். கோபித்தோ அழுதோ அல்ல. சும்மா இருப்பாள், திடீரென்று யாரோ ஒருவன் அலறுவான். கையில், தோளில், ஒரு தடவை ரெக்ஸன் என்ற பையனின் காதில். பேச்சு அவளுக்கு வரவில்லை. நாலைந்து வார்த்தைக்கு மேல் யாரும் கேட்டதில்லை. டீச்சர் 'டக்' என்று உட்கார்ந்து, "என்ன வருது?" என்று கேட்டால், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். டீச்சர் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவளும் காத்திருப்பாள். அப்படியே கால்மணி நேரம் போகும்.

அவள் அம்மா சகாயமேரி இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவர். காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஏற்றிப்போகும். புருஷன் கேரளாவில் படகு வேலை, மாதக்கணக்கில் வருவதில்லை. வேன் வந்ததும் பிள்ளையை ஆயாம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவார், அங்கிருந்து அங்கன்வாடி. வேறு ஆள் கிடையாது. பிள்ளையை வீட்டில் வைத்திருக்கச் சொன்னால் அன்றோடு வேலை போயிற்று.

மற்றத் தாய்மார்கள் டீச்சரிடம் அதைத்தான் சொல்லச் சொன்னார்கள். காதுக்கடிக்குப் பிறகு ரெக்ஸனின் அம்மா நாலு தாய்மார்களிடம் கையெழுத்து வாங்கி மேலே மனுப் போட்டுவிட்டார்.

"ஒங்க பிள்ள வாய்க்கு இரும்புப்பூட்டு போடுங்க மைனி" என்று சகாயமேரியிடம் முகத்துக்கு நேரே சொன்னார். "எம் பிள்ளைக்கு ரெண்டு காதுதான் இருக்கு. ரேஷன்ல வேற தரமாட்டான்."

சகாயமேரி இறால் வாடை அடிக்கிற கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். மனுவுக்கு வந்த பதில், சூப்பர்வைசர் மேடம் பத்து நாளில் நேரில் வந்து பார்ப்பார், சரிப்படாவிட்டால் நாலு வயது ஆகும்வரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்பது.

அன்று டீச்சர் ஏணிக்கடியில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க மேல இருந்து பாக்கீக. எனக்குப் பதினஞ்சு பிள்ளையும் ஒரே நேரத்துல கண்ணுல நிக்காது. அவ எப்பக் கடிக்கா, கடிக்கதுக்கு முன்னால என்ன நடந்துச்சு, எனக்குச் சொல்லணும்."

வாழ்க்கையில் பல வேலை பார்த்திருக்கிறேன். கடி பார்க்கிற வேலை அதுதான் முதலும் கடைசியும். ஜன்னலுக்கு நேரே ஏணியைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் பார்த்தேன். அந்த மூன்று நாளில் குடையின் ஒரு கம்பிதான் முடிந்தது. ஏழு கடி. ஏழில் ஆறு, முட்டைக்கு முன்னால் கைகழுவ வரிசையில் நிற்கும்போது. ஆறிலும் கடிபட்டது அவளுக்குப் பின்னால் நின்றவர்.

"பின்னால வந்து ஒட்டுனா கடிக்கா டீச்சர்" என்றேன். "முன்னால நிக்கவங்களத் தொடுததே இல்ல."

டீச்சர் திரும்பி, வரிசை நிற்கிற இடத்தைப் பார்த்தார். "ஒரு மாசமா 'ஏன் கடிச்ச, ஏன் கடிச்ச'ன்னு கேட்டுட்டு இருந்திருக்கேன் பாருங்க. பின்னால பாத்துருக்கணும்" என்றார். யானை வால் எனக்கு ஞாபகம் வந்தது; சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஜெசிந்தா வரிசையில் கடைசி. பின்னால் யாரும் கிடையாது. கூடவே ஒரு பதவியும் கிடைத்தது: எல்லோருக்கும் டம்ளரில் தண்ணீர் கொடுக்கிற பதவி. கடி நாளுக்கு ஒன்று ஆனது, பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று. கடித்தால் உடனே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். சட்டத்தை அவள் மீறுவதில்லை.

மீறாததுதான் சிக்கலாயிற்று. மேடம் வர இரண்டு நாள் இருக்கும்போது ஜெசிந்தா டம்ளரோடு ரெக்ஸன் முன்னால் போய் நின்றாள். அவன் வாங்கிக் குடித்தான். குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவன் கையைக் கடித்தாள். கடித்துவிட்டு நிம்மதியாகப் போய் உட்கார்ந்தாள். தண்ணீர்தான் முதலிலேயே கொடுத்தாயிற்றே.

ஆயாம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கோட்டி பிடிச்சிரும்போல இருக்கு. நல்ல சட்டம் போட்டீக டீச்சர்!"

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ மேல தப்பே இல்ல. எது முன்னால, எது பின்னாலன்னு நான் சொல்லிக் கொடுக்கலல்லா."

அன்று மாலைக்குள் மற்றப் பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜெசிந்தா டம்ளரை எடுத்தால் கூட்டம் சிதறும். யாருக்கும் தாகம் எடுப்பதில்லை.

மேடம் வந்த நாள் நல்ல வெயில். காலையிலிருந்து ஜீப்பில் நாலு ஊர் பார்த்துவிட்டு ஐந்தாவதாக வந்தார். சிவப்பு நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. ரெக்ஸனின் அம்மாவும் இன்னும் இரண்டு தாய்மாரும் ஒரு பக்கம். வாசலோரம் அரைநாள் லீவு போட்ட சகாயமேரி. நான் வழக்கம்போல ஏணியில்.

"எடை ரெஜிஸ்டர் ஏன் பாதியில நிக்கு?" என்று ஆரம்பித்தார் மேடம். "எந்நேரமும் தரையில உக்காந்துகிட்டிருந்தா யாரு எழுதுவா? ஒரு பிள்ளைய அடக்கத் தெரியல, இத்தன வருஷ சர்வீஸ் எதுக்கு உங்களுக்கு?"

டீச்சர் தலையைக் குனிந்து நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்தது அன்றுதான். பிள்ளைகள் முன்னால் மேடம் சத்தம் ஏற ஏற, என் கையில் பிரஷ் இறுகியது. ஏணியில் ஒரு படி இறங்கிவிட்டேன். இன்னொரு வேலை போகப்போகிறது என்று தெரிந்தே இறங்கினேன். அப்போதுதான் கவனித்தேன், எனக்கு முன்னால் ஜெசிந்தா கிளம்பிவிட்டாள்.

பானையிடம் போனாள். டம்ளரில் தண்ணீர் மோந்தாள். சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடத்தை நோக்கி நடந்தாள். ரெக்ஸன் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டான். தாய்மார்கள் சுவரோடு ஒட்டினார்கள். சகாயமேரி சிலுவை போட்டுக்கொண்டார்.

"அட! எவ்வளவு அருமையான பிள்ள!" என்றார் மேடம். வாங்கி மடமடவென்று குடித்தார். காலி டம்ளரை நீட்டினார். அவள் அதைக் கீழே வைத்தாள். மேடம் கன்னத்தைத் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினார்.

'டக்.'

டீச்சர் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்து இழுப்பார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் இழுத்திருப்பேன். அவர் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்து, தினமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"ஜெசிந்தா, என்ன வருது?"

மேடத்தின் கை அந்தரத்தில் நின்றது. ஜெசிந்தா அந்தக் கையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் காத்திருந்தார்.

"கடி வருது" என்றாள் ஜெசிந்தா.

"என்ன சொல்லுது பிள்ள?" என்று கேட்டார் மேடம்.

"கடிக்கணும்போல இருக்குன்னு சொல்லுதா மேடம்."

"யார?"

"உங்களத்தான்."

மேடம் கையை இழுத்துக்கொண்டார். டீச்சர் அதைக் கவனிக்கவே இல்லை. "எம்புட்டு வருது?" என்று கேட்டார். ஜெசிந்தா இரண்டு கையையும் முடிந்தமட்டும் விரித்தாள். பிறகு, "டீச்சர ஏசுது" என்றாள். அவள் வாயிலிருந்து ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்த அந்த நாலு வார்த்தைதான் அவளுடைய முதல் பேச்சு.

"மேடம், சொல்லிட்டா" என்றார் டீச்சர். "கடிக்கல மேடம். வாயத் தொறந்து சொல்லிட்டால்லா!"

சேலைக்குள்ளிருந்து ரெக்ஸன், "என்னைய மட்டும் சொல்லாமக் கடிச்சா" என்றான்.

மேடம் எதையும் ரசிக்கிற நிலையில் இல்லை. முகம் சிவந்து, பேனாவைத் திறந்தார். டீச்சர் எழுந்து அவர் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில்தான் கேட்டார். ஆனால் ஜன்னலோரம் இருந்த எனக்குக் கேட்டது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. காலையில இருந்து ஜீப்லயே வாரீக. ஒண்ணுக்கு வருதா?"

பேனா நின்றது. மேடம் டீச்சரை முறைத்தார். அப்புறம் முறைப்பு மெல்ல வேறொன்றாக மாறியது.

"எங்க இருக்கு?" என்றார்.

"பொறவாசல்ல. வாளியில தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன்."

திரும்பி வந்த மேடம் வேறு ஆள். சிவப்பு நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தார். பேனாவை வைத்துக்கொண்டு ரெக்ஸனின் அம்மாவைப் பார்த்து, "நீங்க என்னம்மா சொல்லுதீங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் ஜெசிந்தாவைப் பார்த்தார், சகாயமேரியைப் பார்த்தார். "சொல்லிட்டுக் கடிச்சாச் சரி" என்றார் கடைசியில். "ஓடவாவது நேரம் கிடைக்கும்லா."

பிள்ளை தொடர்ந்து வரலாம் என்று மேடம் எழுதினார். சகாயமேரி மத்தியான வேனுக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் என் வேலை முடிந்தது. குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களின் கிரீடத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் கேட்டிருந்தார்கள். பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எந்த ஊரிலிருந்தும் சண்டை போடாமல் கிளம்பிப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன வருது தம்பி?"

"பஸ் வருது டீச்சர்" என்றேன். உண்மையில் அந்த மூன்றில் இரண்டாவதுதான் வந்தது, அழுகை.

ஜெசிந்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போனாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் என்னையறியாமல் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தேன்.

அவள் நின்றாள். டம்ளரை நீட்டினாள்.

"வெறும் தண்ணி" என்றாள்.